காலியாக விட்ட ஒன்பதாவது கேள்வி

குட்டிம்மா,

டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ.

கோடையில் பாறைகளைப் படிக்கப் போகிற காலேஜ் முகாம்களின் விண்ணப்பங்கள் இரண்டும் டிவி பக்கத்தில் இருக்கின்றன. கடற்கரை முகாமுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "அது பஸ்ல போற சுற்றுலாம்மா, படிப்பில்ல" என்பாய், தெரியும். மலை முகாமுக்கும் போட்டுவிட்டேன். ஆனால் அதில் ஒன்பதாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.

"இல்லைன்னு எழுதேம்மா, வந்து ஒரு வருஷமாச்சு" என்று முந்தாநாள் அழுதாய். நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்புகிற நர்ஸ் நான். உன்னுடையதை நிரப்ப முடியவில்லை. "இல்லை" என்று எழுதினால் நீ மலையில் இருக்கும் ஆறு வாரமும் செத்துச் செத்துப் பிழைப்பேன். "ஆம்" என்று எழுதினால் நீ என் முகத்திலேயே விழிக்க மாட்டாய். காலியாக விட்டிருக்கிறேன்.

நேற்று உன் பேராசிரியருக்குப் போன் பண்ணினேன். உன் பேரைச் சொல்லவில்லை. "அப்படி ஒரு பொண்ணு இருந்தா சேர்ப்பீங்களா சார்?" என்று கேட்டேன். "கூடாரத்துல கூடப் படுக்கிற பொண்ணுகிட்ட அவ அதைச் சொல்லுவாளா?" என்று திருப்பிக் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

இன்று நாலு மணிக்குள் கொடுக்கணுமாம். இரண்டில் எதை வேண்டுமானாலும் கொடு.

அம்மா

ஓரத்தில் எழுதுகிறேன், இடமில்லை: அந்தக் கூடாரத்துப் பொண்ணிடம் சொல்லுவாயா? இதைக் கேட்கத்தான் காலையில் இரண்டு தடவை உன் கதவு வரை வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனசு வரவில்லை.