ஒற்றைக்குழலும் ஒரு காட்டுப்பன்றியும்

என் வேட்டைக்கார அப்பாவுக்கு,

உங்கள் ஒற்றைக்குழல் துப்பாக்கியைப் போன வாரம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தது. நீங்கள் போன பிறகு வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். கீழ்பென்னாத்தூரில் ஆட்டோ பேசித் திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ ஊர்ந்தது. போர்வையில் சுற்றிய துப்பாக்கியை அம்மா மடியிலிருந்து இறக்கவே இல்லை.

கட்டையின் விரிசலுக்கு நீங்கள் சுற்றிய செம்புக்கம்பியைப் பார்த்து ஏட்டு சிரித்தார். ஆற்காட்டில் யாரோ கழித்துப்போட்டதை மலிவாக வாங்கி வந்தவர்தானே நீங்கள்! "இது சுடுமாம்மா?" என்று கேட்டார்.

"அவரு சுட்டா சுடாது சார். நான் சுட்டா சுடும்" என்றாள் அம்மா.

உங்கள் காரியம் முடிந்ததிலிருந்து அவள் இவ்வளவு பேசியதே இல்லை. ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். நானும்தான்.

வெளியே டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். நம் வேர்க்கடலைக் கொல்லையைப் பன்றி கிளறிப்போட்ட வருஷத்துக் கதை. விடிகாலையில் நீங்கள் சுட்ட இரண்டு தோட்டாவும் வீண். மூன்றாவதைப் போட்டு மூடியதும் பன்றி உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. துப்பாக்கியை வரப்பில் போட்டுவிட்டுப் புளியமரத்தில் ஏறிவிட்டீர்களாமே? கூழ் கொண்டுவந்த அம்மாதான் அதை எடுத்துச் சுட்டிருக்கிறாள்.

சுட எப்படித் தெரியும் என்றேன். உங்களோடு ஏரிக்கரைக்குக் கௌதாரி வேட்டைக்கு வந்து பார்த்ததுதானாம். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் ஞாபகம் இருக்கின்றன. எல்லோரும் போவோம், திரும்பி வந்து கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிடுவோம்.

"ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன். பொம்பள துப்பாக்கி தூக்குனான்னா எங்க மாமியாரு சும்மா விடுவாங்களா? அவரு சொல்லிடறேன், சொல்லிடறேன்னுதான் நின்னாரு."

அந்த வாரம் அம்மாவின் தோள் வீங்கியிருந்ததும், நீங்கள் ஒத்தடம் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. கிணற்றடியில் விழுந்துவிட்டாள் என்றீர்கள். நம்பினேன்.

கல்யாண வீடுகளில் நீங்கள் பன்றியைச் சுட்ட கதையைச் சொல்லச் சொல்லி விடாமல் கேட்பார்கள். சொல்லச் சொல்லப் பன்றி பெருத்துக்கொண்டே போகும். முடித்ததும் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பீர்கள். நன்றியா அப்பா அது? மன்னிப்பா?

"பன்னி செத்துடுச்சு, இறங்குன்னேன். நெசமா செத்துச்சான்னு மேலயிருந்து கேக்கறாருடி" என்றாள் அம்மா. டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டீ கேட்டாள்.

அடுத்த மாதம் தம்பி மகளுக்குக் கல்யாணம். சாப்பாட்டுக்குப் பின் யாராவது பன்றிக் கதையை எடுப்பார்கள். அம்மாவே சொல்லட்டும் என்று நினைக்கிறேன். "உங்கப்பா கோச்சுக்க மாட்டாரே?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். உங்கள் சார்பில் மாட்டார் என்று சொல்லிவிட்டேன்.

அவள் பக்கத்திலேயே உட்காருவேன். எவ்வளவு பெரிய பன்றி என்று அவள் கையை விரிக்கும்போது குறுக்கே பேச மாட்டேன். இது நான் உங்களுக்குச் செய்து தரும் சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
செல்வி