வீட்டோடு இருக்கிறாள்

மரக்காணம்
24.7.2005

அன்புள்ள மகள் செந்தமிழுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பதுதான், ஆனால் இந்த முறை பதில் தெரியாமல் கேட்கிறேன். போனில் கேட்டால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேசும்போது நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய், பின்னால் கீபோர்டு தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு காதில், நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிந்து அனுப்புகிற அமெரிக்காக்கார டாக்டர், இன்னொரு காதில் நான். அவர் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் அடிக்கிறாய், எனக்கு மட்டும் சரிம்மா. கடிதம் என்றால் கையில் பிடித்துத்தான் படிக்க வேண்டும், அந்த நேரமாவது கை சும்மா இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சிரித்துவிட்டுப் பிறகு யோசி. உங்கள் கம்பெனி ஆபீஸைப் புனேவின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரையும் இன்டர்நெட் லைனையும் உன் வீட்டிலேயே கொடுத்து, இங்கிருந்தே அடித்து அனுப்பு என்று சொன்னதை நீ சந்தோஷமாகச் சொன்னாய் அல்லவா. மறுநாள் மீன்காரியிடம் நின்றபோது பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வி அக்கா உன்னைப் பற்றி விசாரித்தார்கள். "இப்ப வீட்டோட இருக்காக்கா" என்று சொன்னேன். வாயிலிருந்து வந்த பிறகுதான், நம் ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னால் புருஷனை விட்டு வந்துவிட்டாள் என்று அர்த்தம் என்பது உறைத்தது. விளக்குவதற்குள் மீன்காரி மீனை வெட்டிப் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கூடையோடு என் வார்த்தையும் தெருத்தெருவாகப் போயிருக்கிறது. இரண்டு நாளாகத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாரும் எனக்கு வழிவிட்டார்கள், ஒருத்தி என் குடத்தைத் தானே தூக்கிவிட்டாள். எனக்கு வயதாகிவிட்டது போலத் தெரிகிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல் மாமா, அதுதான் என் அண்ணன் காசிலிங்கம், பஞ்சாயத்து பேசுகிற பச்சமுத்துவையும் கூட்டிக்கொண்டு வேன் வைத்து வந்து இறங்கினார். இரண்டு பேரும் வெள்ளை வேட்டி. காபி கொடுத்தால் தொடவில்லை. "பொண்ணு வூட்டோட இருக்குதுன்னு ஊரே பேசுது, கூடப் பொறந்தவன் எங்கிட்டயே மறைக்கிறியா?" என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, அவ அவங்க வூட்டுலதான் இருக்கா, வேலையை வூட்டுல இருந்து பாக்குறா" என்றேன். "வூட்டுல இருந்து பாக்குற வேலை என்னா வேலை, பாத்திரம் கழுவுறதா? யாரை ஏமாத்துற நீ?" என்றார். பச்சமுத்து வேறு தலையை ஆட்டி, "அழாத தங்கச்சி, அழாத, நாங்க இருக்கோம்" என்கிறார். நான் சிரித்ததை அவர் அழுகை என்று எடுத்துக்கொண்டார். உன் அப்பா உப்பளத்தில் இருந்தார், என் பக்கம் பேச ஆளில்லை. மாமா தானே போனைச் சுற்றி மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். "ஏம்பா புருஷோத்தமா, எங்க பொண்ணு வெவகாரம் எங்களுக்குத் தெரிஞ்சி போச்சு, இனிமே மறைக்காத" என்று ஒரு அதட்டல். அங்கே அவர் என்ன சொன்னாரோ, மாமாவின் குரல் அப்படியே இறங்கிவிட்டது. ரிசீவரை என்னிடம் நீட்டி, "நீயே கேளும்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளை பாவம், வேறு எதுவோ தெரிந்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நானே சொல்லணும்னுதான் இருந்தேன் அத்தை, அவதான் சத்தியம் வாங்கிட்டா" என்றார். காலையில் எழுந்தால் உனக்கு வலது கை விரல்கள் மரத்துப்போய் இருக்கிறதாம். ரசக் கரண்டி கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்ததாம். சாப்பாட்டுத் தட்டு கீபோர்டுக்குப் பக்கத்தில்தானாம், காதில் மாட்டியதைக் கழற்றாமலே சாப்பிடுகிறாயாம். கட்டிலில் உட்கார்ந்து தலையணை மேல் அந்தக் கீபோர்டை வைத்து அடிக்கிறாயாம். பகலில் எந்நேரமும் வீட்டில் இருப்பதால் மாடியில் இருப்பவர்கள் எல்லாரும் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்களாம், கேஸ்காரனும் கூரியர்காரனும் உன் கதவைத்தான் தட்டுகிறார்களாம், அதில் போன நேரத்தை ஈடுகட்ட இரவெல்லாம் உட்காருகிறாயாம். கீழே தெருவுக்கு இறங்கியே பல நாளாயிற்றாம். செந்தமிழு, ஊர் சொன்ன பொய்யை விரட்டப் போய் நீ மறைத்த உண்மை வந்து நின்றது. அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சுனாமிக்குப் பிறகு போன் மணி அடித்தாலே பதறி ஓடுகிற நான், இப்போது மணி அடிக்காவிட்டாலும் போனைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன்.

ஏன் மறைத்தாய் என்று யோசித்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விடு என்பாள் என்று பயந்திருப்பாய். கம்பெனிக்குத் தெரிந்தால் வீட்டிலிருந்து பார்க்கிற வேலை உனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிடுவார்கள் என்றும் பயந்திருப்பாய். நான் விடச் சொல்ல மாட்டேன். பி.எஸ்சி. முடித்துவிட்டு இத்தனை வருஷமாக இந்தக் கூடத்திலேயே டியூஷன் எடுக்கிறவள் நான். வெளியே போய்ச் செய்தால்தான் வேலை, வீட்டில் செய்தால் சும்மா இருப்பது என்று நினைக்கிற உலகத்தில் இருந்துகொண்டுதான் எடுத்தேன். கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "அம்சவல்லி, ஒரு எட்டு வந்து இந்தப் பாலைக் காய்ச்சிக் கொடேன்" என்று கேட்டவர்கள் உண்டு, நானும் எழுந்து போய்க் காய்ச்சியிருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் திமிர் என்பார்களோ என்ற பயம் பெண்ணுக்கு எங்கே போனாலும் கூடவே வருகிறது, புனேவுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. நீ கதவைச் சாத்து. கேட்பவர்களிடம் ஆபீஸில் இருக்கிறேன் என்றே சொல், சாவிகளை வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொல். முதல் நாள் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

அப்பாவிடம் அன்று இரவு சொன்னேன். "ஆபீஸ் போனா சாயங்காலம் பஸ் ஏறிடுவா. வூட்லயே வேலைன்னா எப்ப கரையேறுவா?" என்று கேட்டார். உனக்கே தெரியும், உப்பளத்தில் வெயில் ஏறியதும் பாத்தியை விட்டு வரப்புக்கு வந்து காலைக் கழுவிவிட்டால் அன்றைக்குக் கரையேறியாயிற்று. உப்பு எவ்வளவு கிடந்தாலும், காலைக் கழுவியவரை அப்பா திரும்பக் கூப்பிட்டதில்லை, வேறு யாரும் கூப்பிடுவதில்லை. உப்புத் தண்ணீரிலேயே நின்றால் கால் வெடித்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். நீ நிற்பது கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குக் கரை யாரும் போட்டுக் கொடுக்க மாட்டார்கள், நீதான் போட்டுக்கொள்ள வேண்டும். நைட்டியோடு உட்காராமல் குளித்து உடுத்திக்கொண்டு, படியிறங்கி ஒரு நடை போய்விட்டு வந்து, அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் திற. கட்டிலை விட்டுவிடு, மேஜையும் முதுகு சாய்கிற நாற்காலியும் வாங்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். சோறு வேறு இடத்தில், காதில் ஒன்றும் இல்லாமல். முடிந்ததும் அணைத்துவிட்டு உண்மையாகவே போய்க் காலைக் கழுவு, சிரிக்காதே. அதன் பிறகு எந்த டாக்டர் பேசினாலும் நாளைக்குத்தான். தைலம் தேய்த்துக்கொண்டு நாளைத் தள்ளாமல் இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் கையைக் காட்டு. அவர் எழுதிக் கொடுப்பதைக் கம்பெனியிடமும் காட்டு. கை இருந்தால்தான் வேலை, அது அவர்களுக்கும் தெரியாமலா இருக்கும்? மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே, சத்தியத்தை மீறினாலும் அவர் செய்தது சரி. மாமா போகும்போது வேனில் ஏறிக்கொண்டே, "வூட்ல இருந்து பாக்குற வேலைதான் பெரிய வேலை போலக்குது" என்றார், பச்சமுத்து அதற்கும் தலையாட்டினார்.

முருகன் துணையிருப்பான், நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறக்காதே. பதிலை அடித்து பிரிண்ட் எடுத்து அனுப்பாதே, மாப்பிள்ளையை எழுதச் சொல்லவும் கூடாது. பேனாவைப் பிடித்து வலது கையால் நீயே எழுது. உன் பெயரின் கடைசி எழுத்தை ஒரே சுழிப்பில் இழுத்து விடுவாயே, அது இப்போது எப்படி வருகிறது என்று நான் பார்க்க வேண்டும். கோணினால் அடுத்த ரயிலில் வருவேன், வேலையை விடு என்று சொல்ல இல்லை, நீ வேலை பார்க்கும்போது வாசல் கதவைத் திறக்க. எழுதும்போது விரல் மரத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடு, பாதி வாக்கியமாக இருந்தாலும் அப்படியே உறையில் போட்டு அனுப்பு. எனக்கு அதுவும் பதில்தான்.

உன் அம்மா,
சு. அம்சவல்லி