கேமராவுக்கு நான் வைத்த பொட்டு

என் பிரியமான மாமா,

ரெண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்கே எழுதி அனுப்புகிறேன், ஊரே படிக்கட்டும்.

நம்ம பஸ்ஸில் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் முதலாளி ஒரு கேமரா மாட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? முன்னால் போகிற வண்டியை நெருங்கினால் கீ கீ என்று கத்தும். "வூட்ல உங்க அக்கா சத்தம் போடுறது பத்தாதுன்னு இங்க வேற ஒண்ணா மச்சான்?" என்று டிரைவர் சீட்டிலிருந்தே கேட்டீர்கள். கண்டக்டர் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்றிலிருந்து அதற்குப் பேரே அக்காதான்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, ஸ்டியரிங், ஹெட்லைட், டயர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தது நான். கேமராவை மட்டும் விடுவேனா? அதன் கண் மேலேயே கனமாக ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் விடிகாலை சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் டிரிப். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னா மச்சான், உங்க அக்கா இன்னிக்கி வாயே தொறக்கல?"

"கோச்சிக்கிச்சு போல மாமா."

நாம் கடைசியாகப் பேசியது அதுதான். பின்விளக்கு இல்லாமல் ரோட்டில் நின்ற கரும்பு டிராக்டர் நம் ரெண்டு பேர் கண்ணிலும் படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் கேமராவைப் பார்த்தேன். பொட்டு காய்ந்துபோய் அப்படியே இருந்தது. விரலால் துடைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

எல்லோரும் டிராக்டர்காரனைத் திட்டினார்கள். அக்கா விதி என்றாள். நானும் தலையாட்டினேன்.

இப்போது வேறு வண்டி, வேறு டிரைவர். இதிலும் அதே மாதிரி ஒரு கேமரா. போன வாரம் அண்ணாமலை நகர் பக்கம் நல்ல மழையில், லைட் இல்லாத பைக்கில் ஒரு புருஷன் பெண்டாட்டி முன்னால் போயிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியும் முன்பே கேமரா கத்தியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஒரு முழம் இடைவெளியில் ரெண்டு பேரும் தப்பினார்கள். பஸ்ஸில் எல்லோரும் சாமியைக் கும்பிட்டார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. உங்களுக்கும் அது அப்படிக் கத்தியிருக்கும்தானே மாமா?

தினமும் வண்டி எடுக்கும் முன் அந்தக் கண்ணைத் துடைக்கிறேன். இனி என்ன துடைத்து என்ன?

ஊர் இதைப் படிக்கும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமை கீரப்பாளையம் போய் அக்காவிடம் நானே சொல்லிவிடுவேன். நீங்கள் போனதிலிருந்து அவள் யாரிடமும் சத்தமே போடுவதில்லை. என்னிடம் போடட்டும். ஓடாமல் நின்று கேட்பேன் மாமா, இது சத்தியம்.

அன்றைக்கு உங்களோடு சேர்ந்து சிரித்த
உங்கள் மச்சான்,
செல்வம்