குளத்துக்குள் நிற்கும் சமூகப் பங்களிப்பு

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இருவரில் நான் ஒருத்திதான் வீட்டில் இருக்கிறேன், மற்றவர் குளத்துக்குள் இருக்கிறார், அதனால் என் நலத்தை மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற நம் குளத்தைச் சீராக்க நிதி வந்துவிட்டது உனக்குத் தெரியும். ஆபீஸ் வேலைக்கு நடுவில் நீ எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் இருபத்திரண்டு பக்கத்தையும் பணம் கொடுக்கிற நிதியத்திலிருந்து வந்த அம்மா வாயாரப் புகழ்ந்தார், எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் தெருச் சங்கத் தலைவர், அதுதான் எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்லும் பழைய கணக்கு வாத்தியார், தெருவே அவரைச் சதவீதம் என்றுதானே கூப்பிடுகிறது, அவர் தொண்ணூறு சதவீதப் பாராட்டை உனக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தனக்கு வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பெரிய பெயர்ப் பலகை வந்தது, தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி வந்தது, தவளைகளை எப்படி எண்ணுவது என்று இரண்டு நாள் பயிற்சி நடந்தது, அதில் மதியச் சாப்பாடு குறை சொல்லும்படி இல்லை. ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட ஒரு கூலியாள் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு அந்த அம்மா உன் விண்ணப்பத்தைப் புரட்டி ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார். களை அகற்றும் வேலை, சமூகப் பங்களிப்பு, வாரம் இருபது மணி நேரம், மூன்று ஆண்டுகள். யானை வாங்கியவர்கள் அங்குசத்துக்கு யோசித்த கதை கேட்டிருக்கிறேன், அங்குசமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான். அப்படி எழுதினால் மதிப்பெண் கூடும் என்று நீ போனில் சொன்னபோது நானும்தான் தலையாட்டினேன், அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை.

அந்தச் சமூகம் முதல் வாரம் பதினான்கு பேராக இருந்தது. இரண்டாம் வாரம் ஐந்து. பிறகு தையல்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, மருந்துக்கடைக்காரருக்குக் கடையை விட முடியவில்லை, சதவீதம் கரையில் நின்று மேற்பார்வை பார்க்கிறார். இப்போது சமூகம் என்றால் உன் அப்பாதான். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை எழுபது வயதில் ஒருவர் இழுக்கிறார். மாதக் கடைசியில் நிதியத்துக்குப் படம் அனுப்ப வேண்டுமாம், அதே இடம், அதே கோணம், தண்ணீருக்குள் ஆள் தெரிய வேண்டும். போன மாதம் காய்ச்சலோடு போய் நின்றார், படம் எடுத்த தையல்காரர் சிரிக்கச் சொன்னாராம், சிரித்துமிருக்கிறார். அந்தப் படத்தை நிதியத்து ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டு மக்கள் சக்தி என்று எழுதியிருக்கிறார்கள். மக்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது நான்.

இனிமேல் எழுதுவதைப் பதறாமல் படி. அவர் கணுக்காலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை உடம்பு. இன்னும் அழுக்குத் தண்ணீரில் இறங்கினால் காலைக் காப்பாற்றித் தருவேன் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இதை உன்னிடம் போனில் சொல்லக் கூடாது என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஏன் இப்படி உயிரை விடுகிறீர்கள் என்று சண்டை போட்டேன். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஒன்பதாம் பக்கத்தின் நகல். மற்ற அப்பாக்கள் பேரப்பிள்ளை படத்தை வைத்திருப்பார்கள், அதை நான் இப்போது பேசவில்லை. அடியில் உன் கையெழுத்து இருக்கிறதல்லவா, அதை விரலால் தொட்டுக் காட்டி, பாப்பா எழுதிக் கொடுத்த வாக்கு, அது பொய்யாகக் கூடாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது.

நிதியத்து அம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். மாற்றலாமாம், இரண்டாவது தவளைப் பயிற்சியை விட்டுவிட்டு அதற்குரிய பணத்தில் கூலியாள் வைக்கலாமாம், ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரே எழுதிக் கேட்க வேண்டும், இருபத்தைந்தாம் தேதிக்குள். தவளைகள் எண்ணாமலே இருந்து பழகியவை, கோபித்துக்கொள்ளாது. நீ எழுதியதை நீதான் அடிக்க வேண்டும் பாப்பா. வேறு யார் சொன்னாலும் அவர் கரையேற மாட்டார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. இருபத்தைந்தாம் தேதியை மறந்துவிடாதே. மறந்தால் முப்பதாம் தேதிப் படத்தில் தண்ணீருக்குள் நான் நிற்பேன், அவருடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டு அளவு பெரிது, துணி அடைத்தால் நிற்கிறது.

இப்படிக்கு,
பயனாளிகள் பட்டியலில் இரண்டாம் எண்,
உன் அம்மா