செத்த மெஷினின் பச்சை விளக்கு

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தின் முதல் வரியில் வழக்கமாக எழுதும் நலச் செய்தியை இந்த முறை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மாதக் கடைசியில் அணைக்கட்டு வேலைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவதாக எழுதியிருந்தீர்கள். “வீட்ல எல்லாம் ஒழுங்கா ஓடுது, ஆறு மணிக்கு டாண்ணு உன் பதில் வந்துடுது, அப்புறம் எனக்கென்ன கவலை” என்று காரணமும் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து பேனாவை மூடி வையுங்கள். இதை முழுக்கப் படித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். சிக்னலுக்காகக் குன்றேறி நின்று நீங்கள் படிக்கும் ஒரு வரியில் இது அடங்காது என்பதால்தான் சனிக்கிழமை சாமான் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் அச்சகத்துக் கதை. அதைச் சொல்லாமல் வீட்டுக் கதை புரியாது.

எங்கள் முதலாளியைத்தான் உங்களுக்குத் தெரியுமே. இருபத்திரண்டு கம்ப்யூட்டரில் எது படுத்தாலும் நான்தான் போய் எழுப்ப வேண்டும். ஆபீஸ் அறையில் இருப்பவை விண்டோஸ், டிசைன் அறையில் மேக், அச்சுத் தகடு செய்யும் பிளேட் அறையில் லினக்ஸ். மூன்றும் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மூன்று சம்பந்திகள் மாதிரி, ஒன்றின் பாஷையை ஒன்று காதில் போட்டுக்கொள்ளாது. பாடப்புத்தக வேலை வந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “இந்தத் தடவை ஒரு நாள் நின்னாலும் வெளி ஆளுங்ககிட்ட இந்தக் கம்ப்யூட்டர் வேலையைக் குடுத்துடுவேம்மா, அப்புறம் வருத்தப்படக் கூடாது” என்றார். எது எப்போது படுக்கிறது என்பது தன் அறையில் இருந்தபடியே தனக்குத் தெரிய வேண்டும் என்றும் சொன்னார்.

சரி என்று கண்காணிப்பு ஏற்பாடு ஒன்றைச் செய்தேன். ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் நிமிஷத்துக்கு ஒரு தடவை “இருக்கியா?” என்று கேட்கும். “இருக்கேன்” என்று பதில் வந்தால் பச்சை விளக்கு, வராவிட்டால் சிவப்பு. முதலாளி அறையில் பெரிய டிவியில் இருபத்திரண்டு பெயரும் வரிசையாகத் தெரியும். நான் பெருமையாகத்தான் இருந்தேன், அந்தப் பெருமை காலை பத்தேகால் வரை நீடித்தது.

பத்தேகாலுக்கு ஆபீஸ் அறை மொத்தமும் சிவப்பு. முதலாளி பதறிக்கொண்டு ஓடினால், அங்கே மேனேஜர் நிம்மதியாகக் கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறார். விண்டோஸில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு, தெரியாதவர் கேட்டால் வாயைத் திறக்காது. நான் அதைத் தளர்த்த மறந்துவிட்டேன். மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். “நான் உயிரோட உக்காந்திருக்கேன், என் பேரைச் செத்தவங்க கணக்குல டிவியில போட்டிருக்கீங்க” என்று இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அறையின் மற்ற ஏழு மெஷினையும் சரி செய்தேன். அவர் மெஷின் மட்டும் எதற்கும் அசையவில்லை. அதன் வயசு அப்படி. அதைக் குப்பையில் போடச் சொல்லி நான் அவரோடு ஒரு வருஷமாக மல்லுக்கட்டுவதுதான் உங்களுக்குத் தெரியுமே.

அடுத்து டிசைன் அறை. அங்கே மெஷின்களைப் பத்து நிமிஷம் தொடாமல் விட்டால் தூங்கிவிடும், தூங்கினால் பதில் வராது. ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு உட்காரும் டிசைனர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் சிவப்பு எரிய, முதலாளி அவரை டீக்கடை வாசலிலேயே கையும் களவுமாகப் பிடித்தார். மூன்றாம் நாளிலிருந்து சால்வைக்காரர் மெஷின் மட்டும் காலையிலிருந்து மாலை வரை பச்சை. “உழைப்புன்னா இதான்” என்று முதலாளி எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டினார். எனக்குச் சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன். மனிதர் மவுஸை ஒரு நூலில் கட்டி, இடமும் வலமும் திரும்பும் மேஜை ஃபேனின் கழுத்தில் மாட்டியிருந்தார். ஃபேன் திரும்பத் திரும்ப மவுஸ் நகர்கிறது, மெஷின் தூங்குவதில்லை, இவர் டீக்கடையில் இருக்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. காட்டிக்கொடுக்கவில்லை.

இத்தனை கூத்திலும் ஒரு நாள்கூட முகம் சிவக்காத ஒன்று இருந்தது. பிளேட் அறை மூலையில் இருக்கும் லினக்ஸ் மெஷின். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது தானாகவே டிசைன் அறை மெஷின்களைத் தேடிப் போய் அன்றைய பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். எப்போது பார்த்தாலும் பச்சை. வீட்டில் அத்தையிடம்கூட அதன் புகழ் பாடியிருக்கிறேன். அந்தப் பச்சையை நம்பித்தான் சால்வைக்காரரும் பழைய பக்கங்களை வாராவாரம் தன் மெஷினிலிருந்து துடைத்துவிடுவார்.

போன செவ்வாய்க்கிழமை பாடப்புத்தகத்தின் முதல் நூறு பக்கத்துக்கு மறுபடி பிளேட் போட வேண்டியிருந்தது. பிரதியை எடுத்துத் தரச் சொல்லி பிளேட் மாஸ்டர் கேட்டார். திறந்தால் திறக்கவில்லை. நேரில் போய்த் தொட்டுப் பார்த்தேன். மெஷின் ஜில்லென்று இருந்தது. மேலே விரல் கனத்துக்குத் தூசி. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், முனை தரையில் கிடக்கிறது. பிளக் பாயிண்ட்டில் பிளேட் மாஸ்டரின் புது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. “மூணு வாரத்துக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழமை மாட்டினேன். அது சும்மாதானே நின்னுச்சு, சத்தமே இல்லையே” என்கிறார்.

மூன்று வாரமாகச் செத்துக் கிடக்கிறது, அந்த நூறு பக்கமும் அதற்குப் பிறகு முடிந்தவை. முதலாளி டிவியில் அந்த நிமிஷமும் பச்சை எரிகிறது. அப்புறம் தேடிக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. அதே ஞாயிற்றுக்கிழமை, அச்சகம் மூடியிருந்த நேரத்தில், பைண்டிங் அறைக்குப் புது பிரிண்டர் மாட்ட ஓர் ஆள் வந்திருக்கிறார். காலி எண் ஒன்றுக்காக ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். செத்தவன் பதில் சொல்லவில்லை. காலி என்று நினைத்து அந்த எண்ணைப் பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் “இருக்கியா?” என்று கேட்கும்போதெல்லாம் “இருக்கேன், இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தது பிரிண்டர். அதைச் சொல்லி என்ன பயன், அதன் வயிற்றில் ஒரு பக்கமும் இல்லை.

வேலை போனது என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்போது மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். சரிபார்க்க வந்த பக்கங்களை அவர் ஒன்றுகூட அழித்ததில்லையாம். நூறு பக்கமும் அவருடைய கிழட்டு மெஷினில், டிவியில் அன்றும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த அதே மெஷினில், பத்திரமாக இருந்தன. “செத்தவன்கிட்ட வாங்கிக்கோங்கம்மா” என்றார். எழுந்து கும்பிட்டேன். மத்தியானமே பிளேட் ஏறிவிட்டது, அச்சு நிற்கவில்லை. முதலாளி டிவியை முறைத்தார். மறுநாளே ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். இப்போது மூன்று வகை மெஷினுக்குள்ளும் அதனதற்கு ஏற்ற சின்ன புரோகிராம் ஒன்று இருக்கிறது. இருக்கியா என்று யாரும் கேட்பதில்லை. கடைசியாக என்ன வேலை செய்தது, எத்தனை மணிக்குச் செய்தது, இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று அது சொல்ல வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து, வீட்டில் வைத்திருக்கும் டேப்லெட்டை எடுத்தேன். உங்களுக்குப் போன செய்திகளை வரிசையாகப் பார்த்தேன். “சாப்பிட்டாச்சு. எல்லாரும் நலம். மோட்டார் நல்லா ஓடுது. கவலைப்படாதீங்க.” நாற்பத்தொரு நாளாக எழுத்துப் பிசகாமல் அதே வரி.

அதை அனுப்பியது நான் இல்லை, உங்கள் அம்மா, என் அத்தை. குட்டை உடைத்துவிட்டேன். பாடப்புத்தக வேலை தொடங்கிய வாரம், ஆறு மணிக்கு நான் மேஜைக்கடியில் வயரோடு கிடப்பேன் என்பதால், “ஒரு வரி போட்டுடுங்க அத்தை” என்று நான்தான் சொன்னேன். அவர்கள் அதைக் கடமையாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அந்த நிலையிலும் இடது கை ஒற்றை விரலால் பழைய வரியை எடுத்து ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். உங்களிடம் சொல்ல வேண்டும் என்றேன். “அவன் குன்னு மேல நின்னு படிப்பான், பதறி உருண்டு வெச்சான்னா?” என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். மோட்டார் ஓடி ஒரு மாதமாகிறது. பக்கத்து வீட்டிலிருந்துதான் குடத்தில் தண்ணீர் தூக்குகிறேன். சாப்பாடு என்பது பல நாள் பிஸ்கட்தான்.

உங்கள் மேலும் கோபம் இருக்கிறது. ஊரிலுள்ள சுவரில் எல்லாம் விரிசல் தேடும் இன்ஜினியர் நீங்கள், நாற்பத்தொரு நாள் ஒரே வரி வந்தும் சந்தேகம் வரவில்லையா? இத்தனை நாளும் நீங்கள் பிரிண்டரோடு குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள். ஆனால் அத்தை கையில் என் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனது நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அத்தையைத் திட்டாதீர்கள். என்னையும் சமாளிக்கத் தெரியாதவள் என்று நினைக்காதீர்கள். இன்னும் இரண்டு வருஷமும் சமாளித்துவிடுவேன், அதுதான் பயமாக இருக்கிறது. உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இனிமேல் நலமா என்று கேட்காதீர்கள். இன்று என்ன செய்தாய், யாரோடு சண்டை போட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். நேரில் வந்து கேட்டால் இன்னும் நல்லது. கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

குன்றிலிருந்து பார்த்து இறங்குங்கள்.

இப்படிக்கு,
இந்த முறை தானே எழுதும்
உங்கள் மனைவி

பின்குறிப்பு: அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, தானும் எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். கீழே கோணல்மாணலாக இருப்பது அவர்களுடைய இடது கை.

கண்ணு, இவ பெருசு பண்றா. கை நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் நலம். கவலப்படாத. வந்துடு.