சண்டை மீனுக்கு ஒரு துணை

அண்ணா,

இன்று காலை ராயபுரம் மார்க்கெட்டில் ஒருத்தி மண்சட்டியில் உயிருள்ள அயிரை மீன்களை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். சட்டியின் அடியில் அவை ஒன்றின்மேல் ஒன்றாய்ப் புரள்வதைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. "கொயம்புக்கு எட்த்துக்கோம்மா" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அப்போதிலிருந்து உன் நினைப்புதான்.

கப்பலில் கரி தள்ளப் போன நீ கடைசியாக இறங்கி வந்த அன்று, பெட்டி படுக்கை எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தைத் தாண்டி வந்தாய். புட்டிக்குள் கட்டைவிரல் நீளத்தில் ஒரு சிவப்பு மீன். ஈரப் பட்டுத்துணி போல வால். "பினாங்குல ரெண்டு வாங்கினேன் கண்ணு. சண்ட மீனு. ஒண்ணா உட்டேன். ஒண்ணு இன்னொண்ண கியிச்சிப் போட்டுச்சி" என்றாய்.

உன் துண்டிலிருந்த இரத்தத்தைப் பார்த்த டாக்டர் காசநோய் என்றார். அன்றே அம்மா உன் பாயைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றினாள். சோற்றுத் தட்டை வாசலில் வைத்து ஒரு குச்சியால் உள்ளே தள்ளுவாள். தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவாள். தண்டையார்ப்பேட்டையில் என் வீட்டுக்காரர், "கைப்புள்ளய வச்சிகினு அங்க போவாத" என்றார். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் வந்து போனேன்.

உன் நோயைப் பற்றி நீ பேசவே மாட்டாய். "இது தனியாவே கீது. இதுக்கு ஒரு தொண பாக்கணும்" என்பாய்.

முதலில் நான் அழகு பார்த்து, குட்டையிலிருந்து நீண்ட வாலுள்ள வரிமீன் ஒன்றைப் பிடித்து வந்தேன். நீ அதைச் சிவப்பு மீனோடு உடனே விடவில்லை. வேறொரு புட்டியில் போட்டுப் பக்கத்தில் வைக்கச் சொன்னாய். சிவப்பு மீன் செவுளை விரித்துக் கண்ணாடியில் மோதியது. "வாணாம். இதுக்கும் வாலு பெர்சு. எதிராளின்னு நென்ச்சிக்குது." அடுத்து கெண்டைக் குஞ்சுகள். அவற்றை அது சீண்டவில்லை. ஆனால் அவை பின்னாலேயே சுற்றி அதன் வாலைக் கொறித்தன. சாயங்காலத்துக்குள் பட்டுத்துணி கந்தலாகிவிட்டது. அன்று நீ சோறு தின்னவில்லை.

வால் மறுபடி வளரும்வரை காத்திருந்தோம். பிறகு பெரிய பிஸ்கோத்து ஜாடி ஒன்று கிடைத்தது. மணல் பரப்பி, வேலம்பாசி போட்டு, இரண்டு அயிரைகளை விட்டேன். அவை அடியில் போய் மணலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டன. சிவப்பு மீன் கீழே இறங்கி வந்து பார்த்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு மேலே போய்விட்டது.

"மேல கீறவன் மேல, அடில கீறவன் அடில. ஒருத்தனால ஒருத்தனுக்கு பேஜாரு இல்ல" என்று சிரித்தாய். ஊர் திரும்பியபின் நீ சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரிப்பு இருமலாயிற்று. இருமலோடு இரத்தம் வந்தது. ஓடிவந்த அம்மா, கட்டிப்போட்டவள் மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நீ வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "யம்மா, எட்டியே குந்து. ஆனா குந்து."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதன்பின் தினமும் அங்கேதான். அரிசி பொறுக்குவாள், கீரை ஆய்வாள், தெருக்கதை சொல்வாள். ஒரு மத்தியானம் அவள் பேசிக்கொண்டிருக்கையில் கூட்ஸ் வண்டி போயிற்று. அந்தச் சத்தத்தில் உன் மூச்சு நின்றது அவளுக்குத் தெரியவில்லை. வண்டி போனபிறகும் வெகுநேரம் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தாளாம்.

நான் வந்து சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் உன் பாயையும் போர்வையையும் எரித்துவிட்டார்கள். சீக்காளி வைத்திருந்த மீன் என்று ஜாடியையும் சாக்கடையில் கவிழ்த்திருந்தார்கள். குனிந்து தேடினேன். பாசி மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆடியில் அம்மாவுக்கும் அதே இருமல் வந்தது. அதே கொட்டகை. வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினார். நான் வாசலில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து அம்மா, "எட்டியே குந்துடி" என்றாள்.

நீ அன்று சொன்னதன் மீதியை அவள் சொல்லவில்லை. அது என்னிடம் இருக்கிறது, அண்ணா.