இவருக்கு ஓர் உடும்பு

12.6.2016, ஞாயிறு

நாய் வேண்டாமாம். கிளியும் வேண்டாமாம். "அது கத்துறது எனக்கா கேக்கப் போவுது? சத்தமே போடாத ஒண்ணு வேணும் திலகா" என்கிறார். இருபத்திரண்டு வருடம் சுரங்க இயந்திரத்தின் இரைச்சலில் உட்கார்ந்து இவருக்குக் காது ஏறக்குறைய போய்விட்டது. என் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார். குவார்ட்டர்ஸுக்கு யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறார்.

இப்போது உடும்பு வளர்க்க ஆசை. உடும்பு!

15.6.2016

பல்லி விழுந்தாலே அலறுகிறவள் நான். ஆனாலும் செல்போனில் ஒவ்வொரு படமாகக் காட்டும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆஸ்திரேலியாவில் சின்னச் சின்ன உடும்புகள் இருக்கின்றனவாம். ஒரு வகை முக்கால் அடிதான், ஆனால் எந்நேரமும் ஒளிந்துகொள்ளுமாம். இன்னொன்று முள்வால் உடும்பு, இரண்டடிக்கு மேல் வளராது. "இதுதான் ஆளப் பாத்துப் பழகும்." இவர் இவ்வளவு பேசி எத்தனை மாதமாயிற்று!

19.6.2016

பண்ருட்டியில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் சடையப்பன் முள்வால் குட்டி வரவழைத்துத் தருவாராம். நான்தான் போனில் பேசினேன். "அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க, கெடச்சிடும்." அனுமதிக் காகிதம் உண்டா என்றேன். "அதெல்லாம் எதுக்குங்க?"

இவரிடம் 'ஞாயிறு வரச் சொன்னார்' என்று மட்டும் சொன்னேன். மற்றதை ஏன் விழுங்கினேன்? அந்த முகம் வாடிவிடுமே என்றுதான்.

26.6.2016

கடையின் பின்னறை. அட்டைப்பெட்டிக்குள் குட்டி. வாயை நூலால் கட்டி, முன்கால்களை முதுகுப் பக்கம் முறுக்கி... இவர் வாலைத் தடவினார். முள் இல்லை.

"இது நம்மூரு உடும்புய்யா! கம்மாபுரம் பக்கம் புடிச்சதுதான?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

சடையப்பன் என் பக்கம் திரும்பி மெதுவாக, "ரெண்டும் ஒண்ணுதாங்க, அவருக்கு என்னா தெரியப் போவுது? வேணாம்னா கறிக்குக் கேட்டுகினு ஒரு ஆளு இருக்காரு" என்றார்.

"என்னா சொல்றான்?" என்று இவர் என் வாயைப் பார்த்தார். இந்த முறை எதையும் விழுங்கவில்லை. போன வாரம் மறைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்குக் காதே நீதான திலகா" என்றார், அவ்வளவுதான்.

பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். உடும்பைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாயிற்றே, நான் வனத்துறைக்குப் போன் செய்தேன். அவர்கள் வர இரண்டு மணி நேரம். அதுவரை சடையப்பன் கத்தியதில் ஒரு சொல்கூட இவருக்குக் கேட்கவில்லை.

27.6.2016

சாப்பிடும்போது இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், என் வாயைப் பார்க்கவில்லை.

3.7.2016

குட்டியைக் காட்டில் விடப்போவதாக, அன்று வந்து அதை எடுத்துப்போன வனக்காப்பாளர் சிங்காரவேல் போன் செய்தார். "குமரவேல் சாரையும் கூட்டியாங்க" என்று இவரையும் அழைத்தார். போனோம். குட்டி ஒரு கணம் நின்று, நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைப் பார்த்தது. பிறகு புதருக்குள் போய்விட்டது. இவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம மேல கோவமா?" என்று கேட்டேன். 'என் மேல' என்று கேட்க வந்தவள் 'நம்ம' என்றா கேட்டேன்? சிரித்துவிட்டார்.

18.9.2016

பக்கத்து பிளாக்கிலிருந்து போன். குளியலறையில் உடும்பு, அடிக்கக் கட்டையை எடுத்துவிட்டார்களாம். வனத்துறை வந்து சேரும்வரை யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ள, சிங்காரவேல் எங்கள் எண்ணைத்தான் எல்லோருக்கும் கொடுத்து வைத்திருக்கிறார். இந்த மாதம் இது நான்காவது. போகிற இடத்திலெல்லாம் இவரைச் சுற்றிக் கூட்டம். கேள்விகளை நான் வாயசைத்துச் சொல்ல, இவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

"அடிக்காதீங்க, கதவ சாத்திட்டு வெளிய நில்லுங்க. தோ, வந்துகினே இருக்கோம்" என்று சொல்லி அடுப்பை அணைத்தேன். இவரிடம் சொல்லத் திரும்பினால், என் முகத்தைப் பார்த்தே வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார்.